ஊசிக்கு முன் ஒரு விரதம்

மூன்று வயதுப் பிள்ளைகள் உட்காருவதற்காகச் செய்த நாற்காலியில் நாற்பது தாண்டிய பெண் ஏறி நிற்கக் கூடாது. இதைப் படித்துக்கொள்ள எனக்கு ஒரு மண்டை செலவானது.

நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தாய்மார் காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது, தவழ்கிற வயதிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளை என்னிடம் இறக்கிவிட்டுப் போவார்கள். தோட்ட ஆபீசில் என் பதவிக்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நான் டீச்சர். பிள்ளைகளைப் பார்த்துத் தாய்மாருக்கும் டீச்சர். தீபாவளிக்கு முந்திய வாரம், கூரைக் கம்பில் கலர்க் காகிதம் கட்டலாம் என்று மேசையைப் போட்டு, மேசைக்கு மேல் அந்தக் குட்டி நாற்காலியைப் போட்டு, அதற்கு மேல் என்னைப் போட்டேன். நாற்காலிக்கு அறிவு இருந்தது, மடங்கிக்கொண்டது. சீமெந்து வாசற்படியில் என் தலை போய் அடித்த சத்தத்துக்குப் பிள்ளைகள் எல்லோரும் கைதட்டினார்களாம். டீச்சர் புதிதாக ஏதோ விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். குற்றம் சொல்ல முடியாது, வழக்கமாக நான் அப்படித்தான் ஏதாவது காட்டிக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளை நன்றாகக் குலுங்கியிருக்கிறது, ஓரத்தில் கொஞ்சம் இரத்தம் கசிந்திருக்கிறது, வெட்டத் தேவையில்லை, தானாக வற்றிவிடும் என்றார்கள். சொன்னபடி வற்றியும் விட்டது. தலைவலி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்து, சொந்தக்காரன் மாதிரி தங்கிவிட்டது. வலது காதுக்குப் பின்னால் தொடங்கி, மண்டைக்கு மேலாக நடந்து, கண்ணுக்குள் வந்து உட்காரும். வெளிச்சம் பட்டால் கொஞ்சம் கூடும். சத்தம் கேட்டால் சொல்லவே வேண்டாம்.

லயத்தில் குடியிருந்துகொண்டு சத்தத்துக்குப் பயப்படுவது எப்படி என்று யாராவது எனக்குச் சொல்லிக் கொடுத்தால் நல்லது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். பக்கத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் டிவி ஓடினால், யார் யாரை அறைந்தார்கள் என்று இந்தப்பக்கம் எனக்குத் தெரியும். தகரத்தில் மழை விழும். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிடுகிற சங்கு ஊதும். இதெல்லாம் போதாதென்று, விடிவதற்கு முன்னாலேயே கோயில் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. அந்த ஸ்பீக்கரைப் போடுகிறவர் வேறு யாருமில்லை, என் மாமனார்தான். தோட்ட வேலையில் பென்ஷன் ஆன பிறகு மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் பூசாரி.

என் தலைக்காக மாமா ஒரு தியாகம் செய்தார். ஸ்பீக்கரைக் கழற்றி, லயத்தைப் பார்க்காமல் எதிர்மலையைப் பார்க்கத் திருப்பிக் கட்டினார். விளைவாக எதிர்மலைத் தோட்டத்துக்காரர்கள் நேரத்தோடு எழும்பினார்கள், எங்கள் தோட்டத்துக்காரர்கள் தூங்கிவிட்டார்கள். பாட்டுக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுவது இங்கே பழக்கம். பெரட்டுக்கு ஆள் வரவில்லை என்று, மலை வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா நேரில் வந்து கேட்டார். மாமா கொஞ்சமும் அசையாமல், "அம்மனுக்கு எதிர்மலப் பக்கமும் புள்ளைங்க இருக்காங்கதானுங்களே" என்றார்.

சிரிக்க முடிந்த நாட்களில் இதற்கெல்லாம் சிரித்தேன். சிரித்தாலும் வலித்தது என்பது வேறு கதை.

எனக்குப் பதிலாக மேட்டு லயத்துப் பெண் ஒருத்தியைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். "அவசரமில்லீங்க டீச்சர், சொகமானதும் வாங்க" என்று நல்லபடியாகத்தான் சொல்லியனுப்பினார்கள். பொங்கல் முடிந்த கையோடு, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று காம்பரா கேட் வரைக்கும் போனேன். என்னைக் கண்டதும் பிள்ளைகள் "டீச்சர்" என்று ஒரே குரலில் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். எனக்கு எவ்வளவு பிடித்த சத்தம் அது. அது வந்து விழுந்த வேகத்தில், கேட்டைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் வாந்தி எடுத்தேன். பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அதுவரைக்கும் தலைவலி என்றால் வலி என்றுதான் நினைத்திருந்தேன். பிள்ளைகளின் சத்தத்தைத் தாங்க முடியாவிட்டால் நான் அந்தக் காம்பராவுக்குள் இனிப் போகவே முடியாது. அது இல்லாமல் நான் என்ன செய்வேன்? வேறு வேலை கிடைக்கலாம். எனக்கு அது வேண்டாம். எனக்கு அந்த மூக்கு ஒழுகுகிற கூட்டம்தான் வேண்டும். அன்று சாயங்காலம் கணவர் ஃபெக்டரியிலிருந்து வந்து, என்ன நடந்தது என்று கேட்டபோது, சொல்லாமல் அழுதேன். அழுதாலும் வலித்தது.

அடுத்த கிளினிக்கில் டாக்டர் என் மாத்திரைக் கணக்கைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுருக்கினார். இவ்வளவு மாத்திரை போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்றார். தலையில் அடிபட்ட பிறகு வருகிற வலிக்குச் சிலர் அக்குபங்சர் செய்து பார்க்கிறார்கள், சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, செய்து பார்ப்பதானால் பாருங்கள் என்று சொல்லி, ஹட்டன் டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் அனுப்பினார்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு நடந்து வருவதற்குள், டீச்சருக்குத் தலையில் ஊசி குத்தப் போகிறார்கள் என்ற செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. இதில் அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் மாமா. காரணம் இருக்கிறது. திருவிழாவுக்கு அலகு குத்துகிறவர் அவர்தான். நேர்த்திக்கடன் வைத்தவர்களின் நாக்கிலும் கன்னத்திலும் வேல் ஏற்றி, ஒரு சொட்டு இரத்தம் வராமல் திரும்ப எடுப்பார். தலைவலிக்கு மருந்து ஊசிதான் என்று இங்கிலீஷ் படித்த டாக்டர்மாரே சொல்லிவிட்டார்கள் என்றால், அது அவருடைய இலாகா.

"நானும் வாரேன்" என்றார். "எப்படிக் குத்துறாங்கன்னு பாக்கணும்."

அதோடு விட்டாரா? ஊசி ஏறுவதற்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்று தொடங்கிவிட்டார். கவிச்சி கூடாது. முதல் நாள் சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணியைத் தவிர ஒன்றும் கூடாது. மஞ்சள் சேலை கட்ட வேண்டும்.

"மாமா, அது கோயில் இல்லீங்க. கிளினிக்கு."

"எடம் எதுவா இருந்தா என்னம்மா? ஊசி ஒடம்புல ஏறுறதுன்னா சும்மாவா? வயித்துல சோத்த வச்சுக்கிட்டு எங்கிட்ட ஒருத்தனும் அலகு குத்த வந்ததில்ல. வந்தா நான் குத்தவும் மாட்டேன்."

நான் நன்றாகச் சண்டை போடுவேன். அன்றைக்கும் போட்டேன். மஞ்சள் சேலை கட்டவே மாட்டேன் என்று நின்றேன். மாமா சேலையை விட்டுக்கொடுத்தார், சோற்றை விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு படுத்துக்கொண்டு யோசித்தபோது, மாமா சொல்வதில் ஏதோ இருக்கிறது போலவும் பட்டது. சீனி வியாதிக்கு இரத்தம் எடுக்கப் போனால் வெறும் வயிற்றோடுதான் வரச் சொல்கிறார்கள். ஆபரேஷன் என்றாலும் அதேதான். ஆக, ஊசி என்றால் பட்டினி என்பது பொதுவான சட்டமாக இருக்கும் என்று, நானே விஞ்ஞானமும் பேசி முடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த நிலையில் ஊசியும் வேலை செய்யட்டும், விரதமும் வேலை செய்யட்டும் என்றுதான் இருந்தது. காலையில் கணவர் சுட்டுவைத்த ரொட்டியை நான் தொடவில்லை.

"அப்பாவுக்குத்தான் கிறுக்குன்னா ஒனக்குமா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனார். கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பசி தெரியாது, அது ஒரு வசதி.

ஹட்டன் பஸ்ஸில் ரேடியோ அலறியது. மாமா எழுந்து போய் டிரைவரின் காதருகே சிங்களத்தில் ஏதோ சொன்னார். டிரைவர் பயந்துபோய் ரேடியோவையே நிறுத்திவிட்டு, வழி முழுக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். மாமா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. சில விஷயங்களைக் கேட்காமல் இருப்பதுதான் மருமகளுக்கு நல்லது.

டாக்டரின் இடம் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடி. டாக்டர் சிங்களப் பெண், என் வயது இருக்கும். நாங்கள் சிங்களத்திலேயே பேசினோம். எப்போது விழுந்தேன், எங்கே வலிக்கிறது, என்ன மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்க ஏதாவது குடிக்கிறேனா என்று பொறுமையாகக் கேட்டார். உறுதியாக எதையும் சொல்ல மாட்டேன், சில வாரம் பார்ப்போம், குறையவில்லை என்றால் நானே நிறுத்தச் சொல்வேன் என்றார். எனக்குப் பிடித்துவிட்டது. கடைசியாக, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டாச்சு" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான். லயத்தில் யாராவது "சாப்டீங்களா?" என்று கேட்டால், வயிறு முதுகோடு ஒட்டியிருந்தாலும் சாப்பிட்டாச்சு என்போம். இல்லை என்று சொன்னால் கேட்ட பாவத்துக்கு அந்த மனுஷி அடுப்பு மூட்ட வேண்டும். அது மரியாதை. டாக்டர் மரியாதைக்குக் கேட்கவில்லை, மருத்துவத்துக்குக் கேட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? மூலையில் உட்கார்ந்திருந்த மாமாவுக்குச் சிங்களம் நன்றாகப் புரியும். அவரும் வாயைத் திறக்கவில்லை. அவராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

ஊசிகளை எடுத்து வைத்ததும் மாமா எழுந்து வந்து பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"இதுவா? தலமுடி மொத்தம்கூட இல்லியே. இத வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. டாக்டர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் இரண்டு, உச்சந்தலையில் ஒன்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒவ்வொன்று என்று ஏற்றிக்கொண்டு போனார். எறும்புக் கடி அளவுகூட இல்லை. கையில் மட்டும் ஒரு கனம் வந்தது. இவ்வளவுதானா, இதற்கா பட்டினி கிடந்தேன் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு ஜன்னலில் இருந்த வெளிச்சம் சின்னதாகிக்கொண்டே போனது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. அங்கே உதவிக்கு இருந்த நர்ஸ் பிள்ளை சொல்லித்தான் தெரியும். எனக்கு வேர்த்து, கண் மேலே சொருகி, தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. டாக்டர் ஓடி வந்து ஊசிகளைப் பிடுங்கத் தொடங்கியிருக்கிறார். அதே நேரம் மாமா தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மடியில் எப்போதும் வைத்திருக்கும் விபூதியை என் நெற்றியில் அள்ளிப் பூசி, "சாமி வந்திருச்சு! யாரும் தொடாதீங்க!" என்று சத்தம் போட்டிருக்கிறார்.

"தாயே, யாரு வந்திருக்கறது? வாயத் தொறந்து சொல்லு தாயே!"

டாக்டர் என் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சீனித் தண்ணீர் கேட்டிருக்கிறார். மாமா கற்பூரம் கேட்டிருக்கிறார். வெளியே காத்திருந்த இடுப்புவலிக்காரர் ஒருவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த வைத்தியம் தனக்கு வேண்டாம் என்று படியில் இறங்கிப் போய்விட்டாராம். இடுப்புவலியோடு அவ்வளவு வேகமாகப் போனதை நர்ஸ் பிள்ளை பெரிய அதிசயமாகச் சொன்னாள்.

எனக்கு நினைவு திரும்பியபோது, மாமா என் முன்னால் கைகூப்பி நின்றார். நான் வாயைத் திறந்து முதலில் சொன்னது, "பசிக்குது."

"தாயி பசிக்குதுங்குறா!" என்று மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பொங்க வைக்கிறேன் தாயே! வார வெள்ளிக்கெழம பொங்க வைக்கிறேன்!"

"மாமா, எனக்குத்தான் பசிக்குது" என்றேன். அதற்குள் நேர்த்தி வைத்தாகிவிட்டது.

சீனி அள்ளிப் போட்ட தேயிலைச் சாயமும் பிஸ்கட்டும் உள்ளே போனதும்தான் உண்மை வெளியே வந்தது. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லமாட்டேன். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் மாமாவிடம் திரும்பினார்.

"ஐயா, வயிறு காலி, ஊசி போட்டா மயக்கம் வரும். இது சாமி இல்ல."

மாமா விடவில்லை. தான் வருஷா வருஷம் வெறும் வயிற்றில்தான் குத்துவதாகச் சொல்லி, இதைவிட மொத்தமான வேல் என்று கையால் அளந்து காட்டினார்.

"அவங்க மயங்கறது இல்லயா?" என்று டாக்டர் கேட்டார்.

"மயங்க மாட்டாங்கம்மா. சாமி வரும்."

டாக்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் பிள்ளை சிரித்தாள். கடைசியில் மாமாவும் சிரித்தார், ஆனால் கொள்கையை விடவில்லை. "ஒங்க கோயில்ல சாமி வரட்டும் ஐயா. இங்க வந்தா எனக்குப் பயம். சாப்பிட வச்சுக் கூட்டிட்டு வாங்க" என்று டாக்டர் கும்பிட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் கேள்வியை மாற்றிவிட்டார். சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை, தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்பார். ரொட்டி இரண்டு, தேங்காய்ச் சம்பல் என்று நான் ஒப்புவித்த பிறகுதான் ஊசிப் பெட்டி திறக்கும். நாற்காலியும் போய்விட்டது, கட்டிலில் படுக்கவைத்துத்தான் எல்லாம்.

உடனே குணமானது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. முதல் சில வாரம் வித்தியாசமே தெரியவில்லை, டவுனுக்கு வந்துபோகிற அலுப்பில் வலி கூடியதாகக்கூட இருந்தது. பிறகு ஒரு நாள், பக்கத்து வீட்டு டிவியில் யாரோ யாரையோ அறைந்தபோது, ஏன் அறைந்தார்கள் என்று யோசித்தேனே தவிர காதைப் பொத்தவில்லை. வலி தினமும் வருவதை விட்டு, இடைவெளி விட்டு வரத் தொடங்கியது. மாத்திரை பாதிக்கும் கீழே இறங்கியது. எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்பீக்கரை மாமா பழையபடி திருப்பிக் கட்டினார், கண்டாக்கையாவுக்கு நிம்மதி.

இது எதனால் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். வெள்ளிக்கிழமைப் பொங்கல்தான் என்பார் மாமா. வாரத்தில் ஒரு நாளாவது யாரும் கூப்பிடாத இடத்தில் போய்ப் பேசாமல் படுத்திருந்தாயே, அதுதான் என்பார் கணவர். டாக்டரிடம் கேட்டேன். ஊசியாக இருக்கலாம், மாத்திரையைக் குறைத்ததாக இருக்கலாம், மூளை தானாக ஆறியதாகவும் இருக்கலாம், பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது என்றார். எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை இன்னும் கூடியது. நான் வேலைக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, அரை நாள் போய்ப் பாருங்கள் என்றார். வலி வரும். வந்தால் மறுபடி உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றார்.

ஒரு திங்கட்கிழமை போனேன். கேட்டைத் தாண்டினேன். போன தடவை வாந்தி எடுத்த வேலியோரத்தைப் பார்க்காமல் நடந்தேன். அந்த ஒரே சத்தம் எப்போது வந்து அடிக்குமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் பாயில் வரிசையாக, வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். தவழ்கிற ஒன்றுகூடப் பெரிய பிள்ளை ஒருத்தியின் மடியில் அடங்கிக் கிடந்தது. என்னைப் பார்த்தார்கள், யாரும் எழும்பவில்லை.

"என்ன இது?" என்று எனக்குப் பதிலாக இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"இவுங்க அம்மாமாருங்க சொல்லி அனுப்பியிருக்காங்க டீச்சர்" என்றாள் அவள் மெதுவாக. "சத்தம் போட்டா டீச்சர் மண்ட ஒடஞ்சிரும்னு."

எத்தனை மாதம் இந்த அமைதிக்காக அந்த அம்மனிடம் மன்றாடியிருக்கிறேன். கேட்டது கிடைத்துவிட்டது. என்னிடம் ஏறி விழுந்து, என் முந்தானையில் மூக்கைத் துடைத்த பிள்ளைகள், என்னைக் கண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தாய்மார் மேல் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களைச் சொல்லி என்ன, அன்பில் செய்ததுதான்.

நான் பாய்க்கு நடுவில் போய் நின்றேன். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் சக்கரமாகச் சுற்றி, ஹட்டன் ஸ்டேஷனுக்கு வருகிற ரயில் மாதிரி "கூ" என்று என் தொண்டை கிழியக் கத்தினேன். விழுந்த நாளிலிருந்து நான் இப்படிக் கத்தியதே இல்லை. வலி காதுக்குப் பின்னால் எழும்பி, தன் பழைய வழியில் நடந்து வந்தது. வரட்டும் என்று இன்னொரு தடவை கத்தினேன்.

பிள்ளைகள் விரலை எடுக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னவள் மட்டும் எழும்பி வந்து, சேலையைப் பிடித்து இழுத்து என்னைக் குனியச் சொன்னாள். குனிந்தேன். இரண்டு கையாலும் என் தலையை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் அழுத்திப் பார்த்தாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, உச்சக் குரலில் கத்தினாள்.

"ஒடையல!"